இருபதுக்குக் கீழே தொண்ணூறு நாள்

பக்கத்து வீட்டில் சங்கு ஊதியது.

கோமதிநாயகம் கையிலிருந்த தினசரியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். மணி பத்து, ஒரு நிமிடம். பாளையங்கோட்டையின் அந்தத் தெருவில் சங்கு ஊதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஊதியபோது யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நாலு பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். இப்போது தெருவுக்கே விஷயம் தெரியும். நலப்பெட்டி சங்கு ஊதினால் சாவு இல்லை. அந்த வீட்டில் ஒருவருக்குப் புதுக் கிட்னி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

கிடைத்தது பக்தசிங்குக்கு. பக்தசிங் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். எடை நூற்று நான்கு கிலோ. பனியனோடு வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். கோமதிநாயகத்தின் விரல்கள் அதற்குப் பிறகு அரைமணி நேரம் வலித்தன. அன்று காலைதான் பக்தசிங் தோளுக்கு ஒன்றாக தண்ணீர் கேன்களை வைத்து மாடிக்கு ஏற்றியிருந்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு கோமதிநாயகம் வீட்டுக்குள் வந்தார்.

உள்ளே அவர் மனைவி உலகம்மை காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, அது மறைய நேரம் எடுத்தது. வயது ஐம்பத்தெட்டு, எடை முப்பத்தெட்டு கிலோ. அதிலும் நாலைந்து கிலோ காலில் தேங்கிய நீர். அவள் நலப்பெட்டியும் சற்று முன்பு பேசி முடித்திருந்தது. அந்தக் காலத்து வானொலி அறிவிப்பாளர் போல அதற்கு ஒரு குரல்.

"வணக்கம், உலகம்மை அவர்களே. இன்று உங்கள் எண் இருபத்து நான்கு. தாங்கள் பட்டியலில் இல்லை. இனிய நாளாக அமையட்டும்."

கிட்னி நோய் என்று ஒருமுறை எழுதப்பட்ட எல்லோர் வீட்டிலும் அரசாங்கம் அந்தப் பெட்டியை மாட்டியிருந்தது. காலை பத்து மணிக்கு விரலை நீட்ட வேண்டும். சுருக்கென்று குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எண் சொல்லும். நல்ல கிட்னி என்றால் தொண்ணூறு, நூறு. மூன்று மாதம் தொடர்ந்து அறுபதுக்குக் கீழே என்றால் நோய். தொண்ணூறு நாள் தொடர்ந்து இருபதுக்குக் கீழே என்றால், உங்கள் உடம்புச் செல்லையே எடுத்து வளர்த்த புதுக் கிட்னி இலவசம். நடுவில் ஒரே ஒரு நாள் இருபதைத் தொட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மாவட்டத்துக்கு மாதம் நாற்பது கிட்னிதான் வளர்ந்தது. இனி யாருக்கும் டயாலிசிஸ் தேவைப்படாது என்று ஒருமனதாக முடிவாகி, அந்த நிலையங்களை மூடி எட்டு வருடம் ஆகிவிட்டது.

கோமதிநாயகம் ஓய்வுபெற்ற நில அளவையர். முப்பத்துமூன்று வருடம் சங்கிலியும் கல்லுமாகத் திரிந்தவர். அளந்து எழுதிய எண்ணுக்கு அவரிடம் ஒரு மரியாதை உண்டு. அன்று பக்தசிங்கின் கையைக் குலுக்கிய பிறகு அந்த மரியாதை கொஞ்சம் ஆட்டம் கண்டது. சட்டையை மாட்டிக்கொண்டு சிறுநீரக அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் ரஹ்மத்நிஷா. மேலப்பாளையத்துப் பெண். உலகம்மைக்கு ஆறு வருடமாக ரத்தம் எடுப்பவள். அவர் தன் சந்தேகத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"சார், அது கிட்னியோட எண்ணே இல்ல. ரத்தத்துல கிரியேட்டினின்னு ஒரு கழிவு இருக்கு. நம்ம சதையிலேருந்து வாறது. கிட்னி அதை வடிச்சு வெளிய தள்ளணும். தள்ளாம எவ்வளவு தேங்கி நிக்குதுன்னு பாத்து, வயசையும் ஆணா பொண்ணான்னும் சேத்து, பெட்டி ஒரு கணக்குப் போடுது. கிட்னிக்குள்ள போயி யாரும் அளக்கல."

கோமதிநாயகம் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தார். அப்படியென்றால் வயலில் இறங்காமல், களத்தில் அடுக்கின மூட்டையை எண்ணி, வயல் இத்தனை ஏக்கர் என்று எழுதுவது போலவா என்று கேட்டார்.

"அதேதான். அக்கா உடம்புல சதை எங்க இருக்கு? கழிவே கம்மி. கிட்னி படுத்துட்டாலும் பெருசாத் தேங்காது. பெட்டி என்னன்னு நினைக்கும்? ஆகா, நல்லா வடிக்குதுன்னு நினைக்கும். பக்தசிங் அண்ணனுக்கு சதை மலை கணக்கா கிடக்கு. தினம் ஒரு கிலோ கோழி, அதுக்கு மேல பவுடர். வலி மாத்திரையா முழுங்கி கிட்னிய கொஞ்சம் கெடுத்துக்கிட்டாரு, இல்லைங்கல. ஆனா மூணுல ஒரு பங்கு நல்லாவே ஓடுது. அதை வச்சுப் பத்து வருஷம் தள்ளலாம். பெட்டி பத்தொம்பதுங்குது."

சதையைப் பார்க்காத இன்னொரு பரிசோதனை இருப்பதாகவும், போன வாரம் மிச்சமிருந்த ரத்தத்தில் உலகம்மைக்கு அதைச் செய்து பார்த்ததாகவும் சொன்னாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். பதிமூன்று. காட்டிவிட்டுச் சீட்டை நாலாகக் கிழித்தாள்.

அதைப் பெட்டியில் ஏற்ற முடியாதா என்று அவர் கேட்டதற்கு, பெட்டிக்குள் அதற்குக் கட்டமே இல்லை என்றாள். நான்கு தடவை மேலே எழுதிப் போட்டிருக்கிறாள். நான்கு தடவையும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நாலாவது பதிலில் கையெழுத்துப் போட்டிருந்தது நலப்பெட்டி.

கோமதிநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டதற்காக வரப்பை மூன்றடி தள்ளி வெட்டச் சொன்ன ஒரு தாசில்தாரின் கீழே அவர் வேலை பார்த்திருக்கிறார். எழுதியதைத் திருத்த எட்டு கையெழுத்து வேண்டும், வரப்பைத் திருத்த ஒரு மண்வெட்டி போதும் என்பது அவர் அனுபவம்.

"அப்போ எண்ணை இறக்க வழி?"

ரஹ்மத்நிஷா ஜன்னல் வழியே எதிர்ச் சாரியைப் பார்த்தாள். அங்கே இரண்டு கடைகள். ஒன்று பழச்சாறுக் கடை. எண் அறுபதுக்கு மேலே இருந்தால்தான் பஸ் ஓட்ட உரிமம் என்பதால் டிரைவர்கள் அங்கே நின்று வாழைத்தண்டுச் சாறு குடித்தார்கள். அதனால் ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் குடித்தார்கள். இன்னொன்று ஞானதுரை மெஸ். அங்கே காலை ஆறு மணியிலிருந்து மட்டன் சூப். வரிசையில் நின்றவர்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல சார். கறிய ரொம்ப நேரம் கொதிக்க வச்சா அதே கழிவு அதுலயே உண்டாயிரும். ஏழு மணிக்குக் குடிச்சா பத்து மணிக்கு ரத்தத்துல நிக்கும். எண்ணு இறங்கும். ஆனா கறி கெட்டுப்போன கிட்னிக்குச் சுமை. பொய்யா ஒரு எண்ணு இறங்கும்போது, நெசமான எண்ணும் கூடவே இறங்கும். ரெண்டும் ஓடும். எது முன்னால போயிச் சேருதுன்னு பாக்கணும்."

"எங்க வீட்டுல முட்டை போட்ட கேக்குகூட வாங்க மாட்டோம்மா."

"தெரியும் சார்" என்றாள் அவள்.

சிக்கல் அதோடு முடியவில்லை. சங்கு ஊதின பிறகு உறுதிமொழி என்று ஒன்று இருந்தது. ஒரு யந்திரத்தின் முன்னால் நோயாளியை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். குரலையும் நாடியையும் கண்மணியையும் பார்த்து அது பச்சையோ சிவப்போ காட்டும். எண்ணை இறக்க வேண்டுமென்றே எதையாவது தின்றவர் பெயர் ஆயுளுக்கும் பட்டியலில் ஏறாது. நோயாளியை மட்டும்தான் கேட்பார்கள். ஆரம்பத்தில் கூட வந்தவர்களையும் கேட்டுப் பார்த்தார்களாம். ஒருவர்கூடத் தேறவில்லையாம்.

கோமதிநாயகம் வீடு வந்து சேர்வதற்குள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். அவளிடம் சொன்னால் குடிக்கமாட்டாள். சொல்லிக் குடித்தாலும் யந்திரத்தில் மாட்டுவாள். சொல்லாமல் கொடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே மருந்து. தெரியாமல் சாப்பிட்டவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. பாவம் முழுவதும் தன் பெயரில் பட்டா ஆகிவிடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். காளான் சூப், ஆஸ்பத்திரியில் மருந்தாகக் கொடுக்கச் சொன்னார்கள் என்றார்.

உலகம்மை டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். "காளானா? உங்க அம்மா இருந்திருந்தா டம்ளரோட தூக்கித் தெருவுல எறிஞ்சிருப்பாவ."

"மருந்துன்னா எல்லாம் உண்டு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார். பிறகு அவள் அண்ணாந்து, உதட்டில் படாமல், மடமடவென்று ஊற்றிக்கொண்டாள். நல்லாத்தான் இருக்கு, மிளகு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

"வணக்கம், உலகம்மை அவர்களே" என்றது பெட்டி பத்து மணிக்கு. "இன்று உங்கள் எண் பத்தொன்பது. நாள் ஒன்று."

அப்படித்தான் தொடங்கியது. ஞானதுரை மெஸ்ஸுக்கு அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பினார். சைவ சபையில் பதிகம் பாடுகிறவர். இருவரும் மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.

உலகம்மை திங்கள்கிழமை தவறாமல் சிவன் கோயிலுக்குப் போகிறவள். இரண்டாவது வாரத்திலிருந்து போகவில்லை. கால் வலிக்கிறது என்றாள். ஆட்டோ கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். பிறகு ஒருநாள், கை நடுங்குது, பூஜை அறை விளக்கை இனி நீங்களே ஏற்றுங்கள் என்றாள். அன்று மதியம் அதே கையால் அவள் ஊசியில் நூல் கோத்ததை கோமதிநாயகம் பார்த்தார். இந்த நோயின் போக்கே அப்படித்தான், ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு விளக்கை ஏற்றினார். பூஜை அறைக்குள் அவள் வருவதில்லை என்பதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

அறுபத்திரண்டாம் நாள் ஞானதுரை மெஸ் பூட்டியிருந்தது. திருவள்ளுவர் தினம். மாநிலம் முழுவதும் இறைச்சிக் கடை கிடையாது. இந்தத் தடையை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும் என்று சைவ சபை சார்பில் வருடாவருடம் கலெக்டருக்கு மனு போகும். மனுவை எழுதுவது கோமதிநாயகம். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவரிடம்தான் கொடுப்பார்கள்.

மணி ஏழேகால். பத்து மணிக்கு இருபதைத் தொட்டுவிட்டால் அறுபத்தோரு நாளும் வீண். இன்னொரு தொண்ணூறு நாளுக்கு அவள் உடம்பில் இடம் இல்லை. அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

பக்தசிங் வயிற்றில் பெல்ட்டோடு வந்து திறந்தார். புதுக் கிட்னி வந்த பிறகு நூற்று நான்கு கிலோவும் சற்றுக் கூச்சத்தோடு நடமாடியது. கோமதிநாயகம் என்ன கேட்பது என்று தெரியாமல், ஃபிளாஸ்கை மட்டும் நீட்டினார்.

பக்தசிங் ஃபிளாஸ்கைப் பார்த்தார். ஃப்ரீசரில் இரண்டு கிலோ கிடக்கிறது, தான் இனிமேல் அளவாகத்தான் தின்ன வேண்டுமாம், குக்கரில் போட்டால் முக்கால் மணி நேரம் என்றார். அடுப்புப் பக்கமே நின்றார். குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது திரும்பாமலே பேசினார்.

"சார், எனக்கு ஊதுன அன்னைக்கு அக்கா வாசல்ல வந்து நின்னு பாத்தாங்க. அவங்க காலையும் பாத்தேன், பெட்டி ஆள மாத்திட்டுன்னு அப்பவே தெரியும். ஆனா சங்கு ஊதும்போது போயி நியாயம் பேசணும்னு எவனுக்குத் தோணும்?"

கோமதிநாயகத்துக்கு அதில் குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. உலகம்மைக்கு ஊதினால் அந்த மாதத்து நாற்பத்தோராவது ஆள் ஒருவர் எங்கோ உட்கார்ந்திருப்பார். அவர் யார், எந்தத் தெரு என்று யோசிக்காமல் இருக்க அவரே நன்றாகப் பழகியிருந்தார். சூப்பை வாங்கிக்கொண்டு ஓடினார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பத்தொன்பது.

எண்பதாம் நாளுக்குப் பிறகு உலகம்மை சாதத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். வாயில் தகரத்தைச் சப்பியது போல இருக்கிறது என்றாள். உடம்பெல்லாம் அரிப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். ரஹ்மத்நிஷா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனாள். சாயங்காலம் போனில் ஒரு எண்ணை மட்டும் சொன்னாள். ஒன்பது.

அவர் காலண்டரில் மிச்ச நாளை எண்ணினார்.

"சார், இருக்கிற சதையும் கரையுது, அதான் பெட்டி இன்னும் பத்தொம்பதுலயே நிக்குது. நிறுத்தணும்னா இப்பவே நிறுத்துங்க. தொடரணும்னா ஒரு நாளும் விடாதீங்க. ரெண்டுல எது சரின்னு கேக்காதீங்க. எனக்கும் தெரியாது."

அன்று ராத்திரி முழுவதும் கோமதிநாயகம் ஃபிளாஸ்கைக் கழுவிக் கழுவி வைத்தார். தான் கொடுப்பது மருந்து இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, கெட்டுவிட்டாள் என்று ஒரு பெட்டியை நம்பவைக்கிறார். பெட்டி நம்புவதற்கு முன்னால் அவள் போய்விட்டால், அதற்கு வேறு பெயர் இருக்கிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் டம்ளரை எடுத்து, வழக்கம்போல ஊற்றிக் கொடுத்தார்.

எண்பத்தாறாம் நாள் குடித்ததை அப்படியே வாந்தி எடுத்துவிட்டாள். மணி எட்டு. ஃபிளாஸ்கில் இன்னும் ஒரு டம்ளர் இருந்தது. அதை அவளிடம் நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, இன்றைக்குப் போதும், விட்டுவிடுவோம் என்றார்.

உலகம்மை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"மிச்சத்தைத் தாங்க."

"வேண்டாம், உலகு."

"எண்பத்தஞ்சு நாளு குடிச்சாச்சு. தாங்க."

இந்தத் தடவை வாய் ஓரம் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறாக, கால்மணி நேரம் குடித்தாள். பத்து மணிக்குப் பெட்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக யோசித்தது. பத்தொன்பது என்றது. தசமத்துக்குப் பின்னால் வருவதை அது சொல்வதில்லை.

தொண்ணூறாம் நாள் சங்கு ஊதியது. தெருவே வந்தது. பக்தசிங் முன்னால் நின்று கூட்டத்தை ஒதுக்கி, உலகம்மையைக் குழந்தை மாதிரி தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.

உறுதிமொழி அறை சின்னது. நடுவில் ஒரு நாற்காலி, எதிரே யந்திரம், அதன் உச்சியில் ஒரு விளக்கு. கோமதிநாயகத்தைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பியூன் பொழுது போகாமல், ஏழு பேர் வந்தால் ஆறு பேர் இங்கேதான் கவிழ்கிறார்கள், போன வாரம் ஒரு வக்கீலே கவிழ்ந்தார் என்று தகவல் சொன்னான். கோமதிநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு பக்தியோடு எதையும் ஜபித்ததில்லை.

யந்திரம் பெயர் கேட்டது, ஊர் கேட்டது. பிறகு அதே வானொலிக் குரலில் விஷயத்துக்கு வந்தது.

"கடந்த தொண்ணூறு நாட்களில் தாங்கள் அறிந்து இறைச்சி உண்டீர்களா?"

"எங்க வீட்டுல முட்டைகூட வாங்குறதில்ல" என்றாள் உலகம்மை.

"ஆம் அல்லது இல்லை என்று பதிலளிக்கவும்."

"இல்ல."

"எண்ணைக் குறைக்கும் நோக்கத்துடன் தாங்கள் எதையேனும் உண்டதுண்டா?"

"இல்ல."

விளக்கு சற்று நேரம் எரியாமல் இருந்தது. பியூன் தலையைச் சொறிந்தான். பிறகு பச்சை எரிந்தது.

அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் தாழ்வாரம் நீளமானது. சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வருவதாகச் சொல்லி கோமதிநாயகம் பியூனை அனுப்பிவிட்டார். அவள் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டால் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், கோயிலுக்குப் போய் என்ன பரிகாரம் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தார். அவளுக்கு எப்போதும் தெரியாமலே வைத்துவிடுவதுதான் நல்லதோ என்றும் தோன்றியது. பாதித் தாழ்வாரம் வரை இப்படியே போனது. எதையாவது பேச வேண்டும் என்பதற்காக, அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்தபோது பயமாக இருந்ததா என்று கேட்டார்.

உலகம்மை திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையை எடுத்து, நாற்காலியைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் வைத்தாள்.

"ஆட்டுக்கறித் தண்ணிய காளான் காளான்னு நீங்க தரத்தர, உங்க மனசு நோகக் கூடாதேன்னு தொண்ணூறு நாளும் உங்க மொகத்தப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னவளுக்கு, இந்த மிஷினப் பாத்து இல்லன்னு சொல்லுறதுக்கு என்ன பயம்?"